வீட்டுக் கணிப்பொறி: 127 பாகை என்றால் அஞ்ச வேண்டுமா?



நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் இல்லத்திலிருந்து இம்மாதம் ஒரு வினா வந்துள்ளது. அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட பழைய மேசைக் கணிப்பொறியை வாங்கி, அதில் லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்தி வருகிறார்கள். மகளின் பள்ளிப் பாடங்களும், தந்தையின் வரவு செலவுக் கணக்கும், ஊரிலிருக்கும் பாட்டியின் நிழற்படங்களும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. கோடையில் பெட்டி சுடுகின்றதே என்று கவலையுற்று, ‘சென்சார்ஸ்’ என்னும் கட்டளையை அச்சிறுமி இட்டுப் பார்த்தாள். திரையில் வந்த வரிகளுள் ஒன்று வெப்பநிலை 127 பாகை செல்சியஸ் என்றது. அதன் அடுத்த வரியோ பூச்சியத்துக்குக் கீழே 62 பாகை என்றது. ஒரு மின்னழுத்தம் 1.01 வோல்ட் என்றும், ஒரு விசிறியின் சுழற்சி பூச்சியம் என்றும் கண்டன. பல வரிகளின் இறுதியில் ‘அலாரம்’ என்ற சொல்லும் நின்றது.

அவ்வரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டியபோது, “போர்டு கராப் ஹோ கயா” என்று அவர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டாராம். அந்தப் பழைய மதர்போர்டுக்கு ஈடானது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பிராசசரும் மெமரியும் சேர்த்தே மாற்ற வேண்டுமாம். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. “மாற்றுவதா, வேண்டாவா?” என்பதே அவ்வன்பரின் வினா.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். அந்தக் காகிதத்தை மட்டும் கொண்டு மதர்போர்டு பழுதாயிற்று என்று முடிவு செய்ய இயலாது. அதே காகிதத்தில் பிராசசரின் உட்பகுதிகள் 46 பாகை, 48 பாகை என்று அமைதியாக இருப்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். வெப்பம் காட்டும் எண்களுக்கும் அது பொருந்தும். விசாரிக்கும் முறையை அறிந்தால், இந்த வினாவை எவர் வீட்டிலும் காசின்றித் தீர்த்துக்கொள்ளலாம்.

எண் எங்கிருந்து வருகிறது?

மதர்போர்டின் ஒரு மூலையில் ‘சூப்பர் ஐ-ஓ’ என்று சொல்லப்படும் சிறு சில்லு ஒன்று உள்ளது. நூவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்கள் இதனைச் செய்கின்றன. விசைப்பலகை முதலிய பழைய இணைப்புகளைக் கவனிப்பதோடு, வெப்பம், மின்னழுத்தம், விசிறியின் வேகம் ஆகிய மூன்றையும் அளப்பதும் இதன் பணி. அதற்காக இச்சில்லில் பல ஊசிமுனைகள் உள்ளன. சில்லைச் செய்பவர், எல்லா வகை மதர்போர்டுகளுக்கும் உதவுமாறு தாராளமாக முனைகளை வைத்துவிடுகிறார். மதர்போர்டைச் செய்பவரோ தமக்கு வேண்டிய சில முனைகளில் மட்டும் உணரிகளை இணைத்துவிட்டு, எஞ்சியவற்றை வெறுமனே விட்டுவிடுகிறார்.

லினக்ஸில் இச்சில்லைப் படிக்கும் நிரலை எழுதியவர் மூன்றாமவர். சில்லில் எத்தனை முனைகள் உள்ளன என்பது அவருக்குத் தெரியும். குறிப்பிட்ட ஒரு மதர்போர்டில் எந்த முனை எதனோடு இணைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது; மதர்போர்டுக்காரர்களுள் பலர் அதை வெளியிடுவதில்லை. ஆதலால் லினக்ஸ் எல்லா முனைகளையும் படித்து, வந்த எண்களை வந்தவாறே நம்முன் வைக்கிறது. உணரி உள்ள முனையும் உணரி இல்லாத முனையும் ஒரே வரிசையில் நின்று சாட்சி சொல்லுகின்றன. நமக்கு வரும் அச்சத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இப்போது 127 என்னும் எண்ணைப் பாருங்கள். வெப்பநிலையின் முழு எண்ணை இச்சில்லுகள் எட்டு பிட் கொண்ட இடத்தில் எழுதுகின்றன. குறியோடு கூடிய எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. மிகச் சிறியது −128. உணரி இணைக்கப்படாத முனையில் அளவு ஏதேனும் ஒரு கோடிக்கு ஓடி நின்றுவிடுவதுண்டு. சில வேளைகளில் இடையே ஓரிடத்தில் பொருளின்றித் தடுமாறுவதும் உண்டு. நூவோட்டான் சில்லுகளில் ‘ஆக்ஸ்டின்’ என்னும் பெயரோடு வரும் வரிகள் இதற்குப் பேர்போனவை. நம் அன்பர் கண்ட 127 பாகையும், பூச்சியத்துக்குக் கீழான 62 பாகையும் இந்தப் பெயருள்ள வரிகளிலேயே இருக்கின்றன. ஒரே பெட்டிக்குள், ஒரே பலகையில், நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேலும் பனியினும் கடுங்குளிரும் ஒருங்கே இருத்தல் இயலாது என்பதைச் சிறுமியே அறிவாள்.

வெப்பத்தை விசாரிக்கும் நான்கு சோதனைகள்

முதலாவது, குளிர்ந்த நிலைச் சோதனை. இரவு முழுவதும் கணிப்பொறியை அணைத்து வைத்து, காலையில் இயக்கியவுடன் எண்களைப் பாருங்கள். மெய்யான உணரி ஒவ்வொன்றும் அறை வெப்பத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ தொடங்க வேண்டும். பிராசசர் மட்டும் சில நொடிகளில் விரைந்து ஏறிவிடும். விசிறி என்பது அறைக்காற்றை வீசுவதேயன்றிக் குளிரை உண்டாக்குவதன்று. ஆகையால் அறையைவிடக் குளிர்ச்சியாக எதுவும் இருக்க முடியாது. நாகபுரியிலும் தில்லியிலும் கோடையில் அறை 38 பாகையில் இருக்கும்போது ஒரு வரி 20 பாகை என்று கூறுமாயின், அவ்வரியை நம்ப வேண்டுவதில்லை.

இரண்டாவது, உழைப்புச் சோதனை. ‘வாட்ச் சென்சார்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் இரண்டு நொடிக்கு ஒருமுறை எண்கள் புதுப்பிக்கப்படும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய நிகழ்படம் ஒன்றை மாற்றியமைப்பது போன்ற கடினமான வேலையைப் பத்து நிமிடம் கொடுங்கள். மெய்யான உணரி உழைப்பில் ஏறும், ஓய்வில் இறங்கும். பிராசசர் விரைவில் ஏறும். மதர்போர்டு மெல்ல ஏறும். எது நேர்ந்தாலும் 127-இலேயே நிற்பது எதையும் அளக்கவில்லை.

மூன்றாவது, பயாஸ் சோதனை. கணிப்பொறி தொடங்கும்போது பயாஸுக்குள் நுழைந்தால், பல மதர்போர்டுகளில் ‘ஹார்ட்வேர் மானிட்டர்’ என்னும் பக்கம் இருக்கும். தம் பலகையில் எந்த முனை எதனோடு இணைந்தது என்பதை அறிந்தவர் எழுதிய பக்கம் அது. அங்கே காணும் பெயர்களையும் எண்களையும் குறித்துக்கொண்டு, லினக்ஸ் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். அங்கே இல்லாத உணரி பலகையிலும் இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி. ஒன்று நினைவிருக்கட்டும்: பயாஸ் திரையில் இருக்கும்போது பிராசசர் ஆழ்ந்த ஓய்வு நிலைக்குச் செல்வதில்லை. ஆகவே அங்கே காணும் வெப்பம், லினக்ஸில் சும்மா இருக்கும்போது காண்பதைவிடச் சில பாகை கூடுதலாக இருந்தால் அது இயல்பே.

நான்காவது, வேறொரு சாட்சியைக் கேட்டல். பிராசசருக்குள்ளேயே அதன் சொந்த உணரி இருக்கிறது. இன்டெல் பிராசசராயின் ‘கோர்டெம்ப்’ என்னும் தலைப்பிலும், ஏ.எம்.டி. பிராசசராயின் ‘கே10டெம்ப்’ என்னும் தலைப்பிலும் அது வரும். பலகைச் சில்லு காட்டும் ‘சிபியுடின்’ என்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்தால், பிராசசரின் உட்சாட்சியத்தையே முதன்மையாகக் கொள்ளுக.

அந்த உட்சாட்சியத்திலும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. இன்டெல் உணரி, பிராசசர் தாங்கக்கூடிய உச்ச வெப்பத்துக்கு இன்னும் எத்தனை பாகை இருக்கிறது என்பதை அளக்கிறது. அந்த உச்சத்திலிருந்து கழித்தே நமக்கு எண் தரப்படுகிறது. எனவே உச்சத்தை நெருங்கும்போது அது திருத்தமாகவும், தாழ்ந்த வெப்பத்தில் அத்துணைத் திருத்தமின்றியும் இருக்கும். ஏ.எம்.டி.யில், 2017-ஆம் ஆண்டு வெளிவந்த ரைசன் 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறியை முன்கூட்டியே விரைவுபடுத்தும் பொருட்டு, உண்மை வெப்பத்தோடு 20 பாகை கூட்டிய ஓர் எண்ணைத் தருகின்றன. ‘டி-சிடிஎல்’ என்ற வரியில் 70 என்று கண்டால் உள்ளே உண்மையில் 50 பாகைதான். இவ்வகைப் பிராசசர் உள்ளவர்கள் வீண் கலக்கம் கொள்ள வேண்டா.

1.01 வோல்ட் என்பதன் பொருள்

மின்னழுத்த வரிகளுக்கு வருவோம். சூப்பர் ஐ-ஓ சில்லின் முனைகள் சில வோல்ட்டுக்கு மேல் தாங்கா. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் சில்லு கெட்டுவிடும். ஆகவே இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பங்கிட்டு, ஒரு பங்கை மட்டும் முனைக்கு அனுப்புகிறார்கள். சான்றாக, 110 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஆகிய இரண்டு தடைகளை வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு வரும். அங்கே 1.01 வோல்ட் என்று காட்டினால், அதனைப் பன்னிரண்டால் பெருக்க 12.12 வோல்ட் ஆகிறது. ஒரு குறையும் இல்லை. எந்த வரிக்கு எத்தனையால் பெருக்குவது என்பதைப் பயாஸ் பக்கத்து எண்ணோடு ஒப்பிட்டே அறிய வேண்டும்; பலகைக்குப் பலகை அது வேறுபடும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வகுத்துள்ள ஏ.டி.எக்ஸ். விதிப்படி, 12 வோல்ட் என்பது 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரையும், 3.3 வோல்ட் என்பது 3.135 முதல் 3.465 வரையும் இருக்கலாம். பெருக்கிப் பார்த்த பிறகும் இவ்வெல்லைக்கு வெளியே நின்றால், மல்டிமீட்டரால் அளக்கச் செய்யுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் நான்கு முனைப் பிளக்கில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூமி. மல்டிமீட்டர் 12 என்று கூறி, திரை 10 என்று கூறுமாயின், மல்டிமீட்டரின் சொல்லே கொள்ளத்தக்கது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் திறத்தல் கூடாது. அணைத்த பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் அதனுள் தங்கியிருக்கும்.

‘விபேட்’ என்ற வரி மதர்போர்டிலுள்ள நாணய வடிவச் சீமாஸ் பேட்டரியைக் குறிப்பது. புதியது ஏறத்தாழ 3 வோல்ட் காட்டும். அது மிகவும் தாழ்ந்து, அணைத்து இயக்குந்தோறும் தேதியும் நேரமும் பழைய காலத்துக்குப் போய்விடுமாயின், பேட்டரியை மாற்றினாலே போதும்.

நின்ற விசிறியும் வீண் அலாரமும்

விசிறியின் மூன்றாவது கம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகளை அனுப்புவது வழக்கம். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்பு. அவற்றை எண்ணியே சில்லு வேகத்தைக் கூறுகிறது. பூச்சியம் என்று வந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். அவ்விடத்தில் விசிறியே பொருத்தப்படாதிருக்கலாம். பொருத்திய விசிறிக்குத் துடிப்பு அனுப்பும் கம்பி இல்லாதிருக்கலாம். அல்லது விசிறி உண்மையாகவே நின்றிருக்கலாம். இதற்குக் கட்டளை ஏதும் வேண்டா. பக்கவாட்டு மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தால் போதும். சுழலும் விசிறிக்குள் விரலை மட்டும் விடாதீர்கள்.

அலாரம் என்ற சொல்லும் அவ்வாறே. ஒவ்வொரு வரிக்கும் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு உண்டு. பலகை செய்தவர் அவற்றை நிரப்பாமல் விட்டால், இரண்டும் பூச்சியமாக இருக்கும். 1.01 வோல்ட் பூச்சியத்தைக் கடந்துவிட்டதென்று சில்லு கூவுகிறது. அவ்வளவே. ‘இன்ட்ரூஷன்’ என்ற வரியில் வரும் அலாரம், கேபினெட்டின் மூடி திறக்கப்பட்டது என்பதைக் குறிப்பது. அதற்கான பொத்தான் இல்லாத கேபினெட்டுகளிலும் அது வந்துகொண்டே இருக்கும். அதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை.

தெளிந்ததை எழுதி வைத்தல்

விசாரணை முடிந்தபின், அறிந்ததை எழுதி வைத்தால் வீட்டார் மீண்டும் மீண்டும் அஞ்ச நேராது. லினக்ஸில் ‘எட்ஸி’ என்னும் ஃபோல்டருக்குள் ‘சென்சார்ஸ்.டி’ என்றொரு ஃபோல்டர் உண்டு. அதில் ஒரு கோப்பை அமைத்து, முதல் வரியில் ‘சிப்’ என்ற சொல்லோடு சில்லின் பெயரை எழுதுக. அடுத்து, பொய் வரிகளுக்கு ‘இக்னோர்’ என்று எழுதினால் அவை திரையில் வாரா. ‘லேபிள்’ என்று எழுதி ஒரு வரிக்குப் பொருள் விளங்கும் பெயரிடலாம். ‘கம்ப்யூட்’ என்று எழுதிப் பன்னிரண்டால் பெருக்கச் செய்யலாம். ‘செட்’ என்று எழுதி எல்லைகளை முறையாக அமைக்கலாம். ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: இந்தக் கோப்பின் படி ஒன்றைக் காகிதத்திலும் எழுதி, கேபினெட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். பின்னாளில் எவர் திறந்தாலும் பயன்படும்.

சில்லே கண்ணில் படவில்லையாயின், ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ என்னும் கட்டளை அதனைத் தேடித் தரும். அது பல கேள்விகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அதுவே ஒரு விடையை முன்வைக்கும். வெறும் ‘என்டர்’ தட்டி அவ்விடையையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆராயாமல் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ என்று கூறுதல் நன்றன்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, சில திங்க்பேட் மடிக்கணிப்பொறிகளில் இவ்வாறு தேடியபோது, உள்ளிருந்த நினைவுச் சில்லு ஒன்று சிதைந்து, கணிப்பொறி எழாமலே போனதுண்டு. அதற்குப் பிறகு தக்க பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. ஆயினும் எச்சரிக்கை என்றும் நன்றே.

‘ஏ.சி.பி.ஐ.’ முரண்பாடு என்று செய்தி வந்து நிரல் ஏற மறுப்பதும் உண்டு. அந்தச் சில்லைப் பயாஸும் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது என்பதே அதன் பொருள். ஒரே பேரேட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். தடையைத் தளர்த்த ஒரு வழி உண்டெனினும், வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறியில் அதைச் செய்யுமாறு நான் சொல்லேன். லினக்ஸின் புதிய பதிப்பை முதலில் முயலுங்கள். 2022-இல் வந்த 5.17-ஆம் பதிப்பு முதல், ஏசஸ் நிறுவனத்தின் பல பலகைகளில் முரண்பாடின்றி இச்சில்லைப் படிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

மெய்யான ஆபத்து எது?

இதுகாறும் பொய்ச்சாட்சியைப் பற்றியே பேசினேன். அதனால் எல்லா எண்ணும் பொய்யென்று கொண்டுவிடலாகாது. பிராசசரின் சொந்த உணரி உழைப்பில் விரைந்தேறி 95, 100 பாகையைத் தொடுகின்றதா? அப்போது விசிறி இரைந்து, கணிப்பொறி மந்தமாகின்றதா? திடீரென்று தானே அணைகின்றதா? அப்படியாயின் அந்தச் சாட்சி மெய்யே. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிடில் அணைந்துவிடும். இந்நிலையிலும் பெரும்பாலும் பழுது மதர்போர்டில் இராது. ஹீட் சிங்கின் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கும். அல்லது பிராசசருக்கும் அதற்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும். அல்லது விசிறி தேய்ந்திருக்கும். மூன்றும் சிறு செலவில் தீர்வன. எனினும், வேலை தொடங்கும் முன்னர் நிழற்படங்களையும் கணக்குகளையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துவிடுங்கள். போர்டு போனால் வாங்கலாம். பாட்டியின் படம் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இறுதியாக ஒன்று. ‘ஃபேன்கண்ட்ரோல்’ என்னும் நிரலைக் கொண்டு விசிறியின் வேகத்தைத் தாமே அமைக்கும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். எந்த உணரியைக் கொண்டு விசிறியை ஆளுகிறீர்கள் என்பதை மேற்கூறிய நான்கு சோதனைகளாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். 127-இல் நிற்கும் முனையால் வரும் தீங்கு வீண் இரைச்சல் மட்டுமே. 30-இல் அசையாது நிற்கும் முனையைக் காவலுக்கு வைத்தால், உள்ளே பிராசசர் கொதித்தாலும் விசிறி எழாது. அச்சமூட்டும் எண்ணைவிட, அமைதியாக நின்று ஏமாற்றும் எண்ணே கொடியது.

அடுத்த இதழில், மின்சாரம் அடிக்கடி தடைபடும் ஊர்களில் யு.பி.எஸ். பேட்டரியைக் காப்பது பற்றி எழுத எண்ணம். ஐயங்கள் உடையோர், திரையில் கண்ட வரிகளை ஒன்று விடாமல் எழுதி, பலகையின் பெயரையும் குறித்துச் சங்க முகவரிக்கு அனுப்புக.